ட்ராய் கற்ற முதல் சொல்

கடல் ஏறியிருக்கும் காலைகளில் சிப்பிப் பண்ணையில் பெரிய வேலை இருக்காது. மற்றவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து கூடைகளைத் தைத்தபடி ஊர்வம்பு பேசுவார்கள். ட்ராய் ஹாக்கிங் மட்டும் ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவான். ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் உதவிக்குப் பெற்றோர் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் மகள் டெஸ்ஸா அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

முப்பத்தாறு வயது ட்ராய்க்குப் படிக்கத் தெரியாது. மனைவி ஜெனெல்லுக்கு மட்டும்தான் அந்த ரகசியம் தெரியும். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்வாள். அவளுக்கு போர்ட் லிங்கன் நகரத்தில் வேலை கிடைத்து, வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வரத் தொடங்கியதும் சிக்கல் ஆரம்பித்தது. டெஸ்ஸா தினமும் ஒரு குட்டிப் புத்தகத்தோடு வந்து மடியில் ஏறிக்கொள்வாள். ட்ராய் படத்தைப் பார்த்துக் கதை விட்டான். மூன்றாம் நாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, நீ தப்பு தப்பா படிக்கற. இந்தப் பக்கத்துல மூணு வார்த்தைதான் இருக்கு. நீ என்ன பேசிக்கிட்டே போற?"

மறுநாள் பள்ளி வாசலில் ஆசிரியை ஜோஸி ரோவெட்டிடம் போய் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னான்.

"மிஸ், எனக்குப் படிக்க வராது. உதவிக்கு வர்ற மாதிரி வந்து, பிள்ளைங்களோட பிள்ளையா நானும் கத்துக்கட்டுமா? வெளிய யாருக்கும் தெரியக் கூடாது."

"ஜோஸின்னே கூப்பிடுங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கும், சத்தியமா."

அப்படித்தான் அவன் வகுப்பறைப் பாயில் பதினேழு பிள்ளைகளுக்குப் பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். அந்த வாரத்துச் சொல் 'செட்'. சொன்னான், சொன்னாள், சொன்னது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். எஸ், ஏ, ஐ, டி என்று நான்கு எழுத்து. ஜோஸி அதை மஞ்சள் அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினாள்.

"இது குறும்புக்கார வார்த்தை. எழுத்துக் கூட்டினா ஏமாத்திடும். உங்க அம்மாவைப் பாத்ததும் அம்மான்னு தெரியுதுல்ல? அந்த மாதிரி முகத்தைப் பாத்தே கண்டுபிடிக்கணும்."

"சாயிட்!" என்று கத்தினாள் வில்லா என்ற சிறுமி. வகுப்பே சிரித்தது, வில்லாவும் சிரித்தாள். ட்ராய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வயதில் இதே சொல்லை இப்படியே படித்ததற்காக ஒரு மதியம் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றவன் அவன்.

இரண்டாம் வாரமும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பிடிபடாததால், அவனே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தான். ஒரு பிள்ளை எதையாவது சொல்ல வேண்டும். இன்னொரு பிள்ளை மஞ்சள் அட்டையோடு ஓடிப்போய் அதன் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து முழுதாகக் கத்த வேண்டும்.

"கூப்பர் செட், எனக்கு பிஸ்கட் வேணும்!"

"வில்லா செட், எங்க நாய் கார்ல வாந்தி எடுத்துச்சு!"

ஒரே கூச்சல். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் பதினேழு பேருக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. ட்ராய்க்கும் வந்தது. கொட்டகையில் கிடந்த பழைய செய்தித்தாளில் ஒரு பக்கத்திலேயே பதினொன்று கண்டுபிடித்தான். மறுநாள் வகுப்பில் அட்டையைப் பார்த்து, "மிஸ், இப்ப இது என்னைப் பாத்துச் சிரிக்குது" என்றான். ஜோஸிக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த புதன்கிழமை டெஸ்ஸாவின் பையில் பள்ளியின் செய்தி மடல் இருந்தது. ட்ராய் அதை மேசைமேல் விரித்து விரலை ஓட்டினான். ஒரு பத்தியில் மூன்று 'செட்' இருந்தன. யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. அதற்கே பெருமையாக இருந்தது. மடலைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான்.

மறுநாள் காலை கொட்டகையில் கூட வேலை செய்யும் க்ளைவ் அதே மடலைக் கையில் வைத்திருந்தான். அவன் பையனும் அதே பள்ளியில்தான்.

"கேளுங்கடா. 'எங்கள் வகுப்புக்கு உதவிக்கு வரும் சிப்பித் தொழிலாளி ஒருவர், முப்பத்தாறு வயதில் தன் முதல் சொல்லைப் படித்தார். இது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அவர் சொன்னார்.' டேய் ட்ராய், இங்கேருந்து வகுப்புக்குப் போறவன் நீ ஒருத்தன்தானடா?"

"அப்ப போன மாசம் பாதுகாப்புப் பயிற்சித் தாள்ல எல்லாம் எதைப் பாத்துடா கையெழுத்துப் போட்ட?" என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. மதியம், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையை ஒன்றும் சொல்லாமல் க்ளைவிடம் மாற்றிவிட்டார். ஆறு வருடமாக நிறத்தையும் எண்ணையும் வைத்தே ஒரு தவறும் இல்லாமல் அந்த வேலையைப் பார்த்தவன் ட்ராய்.

பள்ளி விடும் நேரத்துக்கு அவன் மடலோடு போய் நின்றான்.

"நான் உங்க பேரைப் போடலையே" என்றாள் ஜோஸி. "உங்களைப் பெருமைப்படுத்தணும்னுதான் எழுதினேன். உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் தைரியமா வருவாங்கன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு..."

"என் பிள்ளை பையிலயே போட்டு அனுப்பிட்டீங்க. எனக்குப் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியும். ஊரு பூரா படிச்சுருச்சு, மிஸ். நான் அதைக் கதவுல ஒட்டி வச்சு அழகு பாத்துக்கிட்டிருந்தேன்."



வீட்டுக்குப் போகும் வழியில் டெஸ்ஸா கேட்டாள்: "அப்பா, உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு க்ளைவ் மாமா பையன் சொல்றான். நெசமா?"

"ஆமாண்டா செல்லம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அந்தக் கேள்விக்கு எப்போது, எப்படிப் பதில் சொல்வது என்று அவனே தீர்மானித்திருக்க வேண்டும். அதையும் அல்லவா அந்த மடல் பிடுங்கிக்கொண்டது.

ஜோஸி இரண்டு முறை பண்ணைக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். அழுதாள்கூட. அவள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது ட்ராய்க்குத் தெரியும். "சரி, விடுங்க" என்றான். ஆனால் அந்தப் பாயில் மறுபடி போய் உட்காரவில்லை. இப்போது வியாழக்கிழமைதோறும் எழுபது கிலோமீட்டர் ஓட்டி, அவனை யாருக்கும் தெரியாத ஊர் ஒன்றின் நூலகத்தில் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போகிறான். அங்கே வேலை என்ன என்று கேட்டதற்கு லாரி ஓட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறான்.