பெட்டியின் அடியில் இரண்டு மூட்டைகள்

ஒதார்கா சாகத் தயாராகத்தான் இருந்தாள். உடுத்திக்கொண்டு போகத்தான் துணி இல்லை. இதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், எட்டு நாளாக ஒரு கிண்ணம் சூப்பைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். நாடி சரி, நெஞ்சு சரி, வயதுக்கு உண்டானதைத் தவிர வேறு நோய் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டருக்கு என்ன தெரியும்? பனாசுக்குத் தெரியும். ஐம்பத்து மூன்று வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவர். அவள் ஒன்றைச் செய்வதென்று முடிவு கட்டினால் செய்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

தப்பு பனாசுடையதுதான். போர் நடக்கும் எல்லையிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருந்த கமிஷிவ்கா கிராமத்துக்குப் போலீஸ் வண்டி வந்தபோது, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஒதார்கா கோழிகளைத் திறந்துவிடப் போனாள். அந்த நேரம் எங்கோ பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து வெடித்தது. பனாசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்த புது பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். மொபெட்டுக்கென்று வாங்கிய பாட்டரி. மொபெட் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இப்போது சுமி நகரத்து மாணவர் விடுதியில், மூன்றாம் மாடி அறையில், அந்தப் பாட்டரி ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அதே அறையின் மூன்றாவது கட்டிலில் மெலான்கா இருந்தாள். வேறொரு எல்லைக் கிராமத்திலிருந்து வந்தவள். எல்லாம் போனாலும் நாக்கு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

"பொண்டாட்டி சாகக் கெடக்கா, நீரு பாட்டரிக்குக் காவல் இருக்கீரு. மேல போறதுக்கு மோட்டார் வச்சுக் குடுக்கப் போறீரோ?" என்றாள்.

பனாஸ் ஒதார்காவின் போர்வையை இழுத்துவிட்டார்.

பெட்டியில் இருந்தது கோடித்துணி. ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுபோல ஒதார்காவும் அறுபது முடிந்த வருடமே இரண்டு மூட்டை கட்டி வைத்துவிட்டாள். ஒன்று தனக்கு, ஒன்று புருஷனுக்கு. போடாத உடுப்பு, தரையில் படாத செருப்பு, மெழுகுவர்த்தி, சவப்பெட்டியில் விரிக்கப் பூவேலை செய்த துண்டு. வருடத்துக்கு ஒருமுறை நல்ல வெயில் காய்கிற ஒரு நாளில் எடுத்துக் கொடியில் போட்டு, சாயங்காலம் மறுபடி கட்டி வைப்பாள். பனாஸ் பக்கத்தில் போனால் விரட்டுவாள். ஆம்பிளை கை பட்டால் சீக்கிரமே தேவைப்பட்டுவிடும் என்பாள். அதனால் இரண்டு மூட்டைகள் இருப்பது அவருக்குத் தெரியும். ஒன்று வெள்ளைத் துணியில், ஒன்று நீலத் துணியில். எது யாருடையது என்று அவர் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. வெள்ளை அவளுடையதாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். சுத்தம் பார்ப்பவள் ஆயிற்றே.

விடுதியில் தானத்துணி மலைபோல் குவிந்திருந்தது. அதிலிருந்து நல்லதாக ஒரு கவுனை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒதார்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"யாரோ போட்டுக் கழிச்சதப் போட்டுக்கிட்டு எங்கம்மா முன்னாடி போய் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு துணிக்காக இப்படியா என்று பனாசுக்குக் கோபம் வந்தது. கோபம் போனதும் பயம் வந்தது. பயம் போகவே இல்லை.

ஊரில் மிச்சம் இருந்தவன் பக்கத்து வீட்டு திமிஷ். அறுபத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன். போலீஸ்காரர்கள் மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை. தன் பசுவுக்கு யார் அறை கொடுப்பார்கள் என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். தினமும் காலை பத்து மணிக்குக் கல்லறை மேட்டில் ஏறி நின்றால்தான் அவன் போனில் சிக்னல் கிடைக்கும். அந்த நேரத்துக்கு பனாஸ் விடுதி முற்றத்தில் வந்து நிற்பார். அவன் ஊர்ச் செய்தி சொல்வான். நேற்று பள்ளிக்கூடம் போயிற்று. இன்றைக்குத் தபாலாபீஸ். கோவில் மணி கீழே கிடக்கிறது. உங்கள் வீட்டுக் கூரை பாதி இல்லை, ஆனால் பெட்டி நனையாமல் இருக்கிறது. சந்தையில் காய்கறி விலை சொல்கிற குரலில்தான் இதையெல்லாம் சொல்வான். நாளுக்கு நாள் பட்டியலில் சொல்ல வேண்டிய வீடுகள் குறைந்துகொண்டே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பனாஸ் அவனிடம் கோடித்துணி விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் ஒஸ்தாப் என்கிற டிரைவர் சுமியிலிருந்து ரொட்டி வண்டியில் பாலம்வரை வருவான். அதற்கு அப்பால் வரமாட்டான். வருகிற செவ்வாயோடு அதையும் நிறுத்தப்போவதாக அவன் சொல்லியிருந்தான். மூட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டால் மத்தியானத்துக்குள் சுமிக்கு வந்துவிடும்.

போனில் திமிஷுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது, ஜாடிக்குள் மாட்டிக்கொண்ட தேனீபோல.

"என்னடா சத்தம் அது?"

"ட்ரோன்தான். தூரத்துல இருக்கு." பிறகு சொன்னான்: "அண்ணே, பாலத்துக்கு மூணு கிலோமீட்டர். மரம் மட்டை கெடையாது, வெட்டவெளி. ரொட்டிக்கே நான் ரெண்டு வாரமாப் போகல. பால் இருக்கு, கெழங்கு இருக்கு, போதும்னு கெடக்கேன். நீ போன்னா சைக்கிள எடுத்துட்டுப் போறேன். வேணாம்னா வேணாம். நீயே சொல்லு."

பனாஸ் மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தார். பாட்டரியின் முதுகு தெரிந்தது.

"போ," என்றார். "வெள்ளைத் துணி மூட்டை. பெட்டிக்குள்ள அடியில இருக்கும். பிரிச்சுப் பாக்காத, அவளுக்குப் பிடிக்காது."

திமிஷ் சிரித்தான். "நான் எதுக்குப் பாக்கப் போறேன்? எனக்குக் கட்டி வைக்கத்தான் ஒருத்தியும் இல்லாமப் போச்சே. நான் போனா சாக்குல சுத்திருவாங்க."

செவ்வாய்க்கிழமை காலை பனாஸ் சூப்புக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்தார். அதுவரை அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள் என்று தெரியும். இப்போது மணி ஒன்பதரை, திமிஷ் கிளம்பியிருப்பான், இனி சொல்லலாம். கோடித்துணி வருகிறது, எழுந்து குடி என்றார்.

ஒதார்கா மெல்லத் திரும்பினாள். யார் எடுத்து வருகிறார்கள் என்று கேட்டாள். சொன்னார்.

"ரெண்டு மூட்டை இருக்குமே. எத எடுக்கச் சொன்ன?"

"வெள்ளையத்தான்."

அத்தனை நாளாகப் படுத்துக் கிடந்தவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பனாஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நீலந்தான் என்னோடது," என்றாள். "வெள்ளை உன்னோடது, கிழவா."

மெலான்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பனாஸ் படிகளில் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் எழுபத்தாறு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். முற்றத்தில் நின்று போன் போட்டார். திரும்பிப் போ, அது வேண்டாம், எதுவுமே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தொடர்புக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. பத்து மணி ஆயிற்று. கல்லறை மேட்டில் இன்று யாரும் ஏறவில்லை. பத்தரை. பதினொன்று. அந்தப் பெண் அலுக்காமல் அதையே சொன்னாள். தன் கோடித்துணி தன்னைத் தேடி ரோட்டில் வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவரை விடவில்லை.

ஒரு மணிக்கு ரொட்டி வண்டி வந்தது. ஒஸ்தாப் இறங்கி நேராக அவரிடம் வந்தான். கையில் வெள்ளை மூட்டை. ஒரு கிழிசல் இல்லை, ஒரு பொட்டு அழுக்கில்லை.

"சைக்கிள் கைப்பிடியில கட்டியிருந்தாரு," என்றான். "பாலத்துக்கு இருநூறு அடி இருக்கும். என்னப் பாத்துக் கையக் காட்டினாரு, அய்யா. அப்பத்தான் அந்த ட்ரோன் எறங்குச்சு."

வண்டியின் பின்கதவு சாத்தியிருந்தது. ரொட்டித் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் திமிஷைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தான்.

பனாசுக்கு அந்த நிமிடம் ஒரு நிம்மதி வந்தது. என்னைத் தேடி வந்தது என்னைத் தொடாமல் போய்விட்டது என்கிற நிம்மதி. ஒரு நொடிதான். அதற்குப் பிறகு அவருக்குத் தன்மேல் வந்த அருவருப்பு இன்னும் தீரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் உடலைக் கழுவிவிட்டு, போட துணி இருக்கிறதா, சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டார்கள். ஒதார்காதான் முன்னால் வந்தாள். அன்று காலை தானாக எழுந்து, நின்றபடியே ஒரு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவரோடு கிளம்பி வந்திருந்தாள். சாவதைத் தள்ளிப் போட்டுவிட்டதுபோல் இருந்தது.

"நாங்கதான்," என்றாள். "துணி இருக்கு."

மூட்டையை அவளே பிரித்தாள். கறுப்புக் கோட்டு, கால்சட்டை, காலுறை, செருப்பு. கழுத்துப்பட்டியில் அவள் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பூவேலை செய்த வெள்ளைச் சட்டை. கோட்டுப் பையில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடி. இது இல்லாவிட்டால் அங்கே போயும் தடவிக்கொண்டு நிற்பாய் என்று முணுமுணுத்து, அதை மட்டும் பனாசிடம் திருப்பிக் கொடுத்தாள். கால்சட்டை திமிஷுக்கு நீளம். அவள் உள்பக்கமாக மடித்துவிட்டாள். சட்டையில் கையை நுழைக்கும்போது மட்டும் மெல்ல, வலிக்குமோ என்று பார்க்கிறவள்போல நுழைத்தாள்.

பனாஸ் சுவரோரமாக, தொடாமல் நின்றார்.

"நாந்தான் போகச் சொன்னேன்," என்றார். "எங்கிட்டக் கேட்டான், ஒதார்கா. போகட்டுமான்னு கேட்டான். சத்தம் எனக்கும் கேட்டுச்சு. தெரிஞ்சுதான் போன்னு சொன்னேன்."

ஒதார்கா திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து வைத்தாள்.

"எனக்காகத்தான சொன்ன," என்றாள். "இதுல எனக்கும் பங்கு இருக்கு. வா, வந்து பொத்தானப் போடு."

"கை படக் கூடாதுன்னு சொல்வியே."

"இனிமே எதுக்கு?"

பனாஸ் வந்தார். அவர் அளவுக்குத் தைத்த சட்டை. ஒருமுறைகூடப் போடாததால் பொத்தான் துளைகள் இறுக்கமாக இருந்தன. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது பொத்தான் துளைக்குள் நுழையவில்லை. ஒதார்கா உதவவில்லை. அவர் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.