செய்தித்தாளுக்குப் பதினொன்று, மகளுக்கு ஒன்று

மகள் வேலைக்காக வெளிநாடு கிளம்புகிற நாள். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவாள். பெட்டியின் ஜிப் மூடவில்லை, எடை கூடிவிட்டதா என்று தூக்கிப் பார்க்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கூடத்துச் சுவரில் செய்தித்தாளை ஒட்டிவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய மீடியம் ஃபார்மட் கேமரா ஒன்று வைத்திருக்கிறார், செங்கல் கனம். ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டே படம்தான். அதற்கு யாரிடமோ ஒரு லென்ஸ் வாங்கி வந்திருந்தார். படம் துல்லியமாக விழாவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம். அந்த வாரத்தில் இவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

"நடக்காதே, தரை அதிருது" என்றார் என்னிடம். என் வீட்டில் நான் நடக்கக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, அந்தப் பேப்பரா ஊருக்குப் போகுது? பெத்த பொண்ணை ஒரு படம் எடுங்களேன். பார்த்துக்கிட்டு இருக்க எனக்கு ஒண்ணாவது வேணும்."

"இரு, இரு. ஓரத்து எழுத்தெல்லாம் தெளிவா வருதான்னு பார்க்கணும்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இப்படியே பதினொரு படம் செய்தித்தாளுக்குப் போனது. நான் கத்திய பிறகுதான் மிச்சமிருந்த ஒன்றுக்கு மகளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். அவளும் பாவம், வாயே திறக்காமல் உட்கார்ந்தாள். "கண்ணைச் சிமிட்டாதே, அசையாதே" என்றபடி குனிந்து கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உள்ளே பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

மறுநாள் ஃபிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து, மகளின் கண்ணைக் கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினார்.

"புருவத்துல ஒவ்வொரு முடியும் தெரியுது. இமை முடி மட்டும் நாலஞ்சு நாலஞ்சா ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிச்சுக் காட்டலையே. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்."

எட்டிப் பார்த்தேன்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அழுதா இமை அப்படித்தாங்க ஒட்டிக்கும். அவ்வளவு நேரம் அதுக்குள்ள என்னத்தைப் பார்த்தீங்க?"

அவர் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கினார். அப்போதுதான் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது.