ஒழுங்கைக்கு ஒரு ரிமோட்

எங்கள் ஒழுங்கையில் டீவி இல்லாத வீடு குறைவு. ஆனால் டிஷ் ஒன்றே ஒன்றுதான். விநாயகமூர்த்தி அண்ணன் கத்தாரிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கூரையில் பூட்டினார். டிஷ்ஷுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ரிமோட். அந்தப் பெட்டியிலிருந்து வயர் இழுத்து, வேலியோடு வேலியாக எல்லார் வீட்டுக்கும் கொடுத்திருந்தார். அவர் எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் ஒழுங்கை முழுவதும் பார்க்கும். அவர் கிரிக்கெட் பார்த்தால் எங்களுக்கும் கிரிக்கெட். அவருக்கு நித்திரை வந்தால் எங்களுக்கும் நித்திரை. தையல் மெஷினில் இருந்தபடி வேலிக்கு மேலால் எத்தனை தரம் கத்தியிருப்பேன்! "அண்ணன், அந்தப் பாட்ட மாத்தாதீங்க!" காது கேளாதவர் மாதிரி மாற்றிவிடுவார்.

அது சின்னக் கோபம். பெரிய கோபம், ஒழுங்கை முனையில் அந்த அலுவலகம் வந்த பிறகுதான் வந்தது. ஆளில்லாமல் கிடந்த வீடொன்றை ஓர் ஆயுதக் குழுவின் துவக்குக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வந்த கையோடு தங்களுக்கும் ஒரு வயர் வேண்டும் என்றார்கள். துவக்கோடு வந்து கேட்டால் யார் இல்லை என்பது? பிறகு ஒருநாள் லண்டன் தமிழ்ச் செய்திச் சனல் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர்களில் உயரமானவன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இந்த நியூஸ் இஞ்ச ஓடப்படாது" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

அண்ணன் அன்றைக்கே அந்தச் சனலைப் பெட்டியிலிருந்து அழித்தார். வேறு யாரும் கைவைக்காமலிருக்க மெனுவுக்கு ஒரு நம்பர் போட்டுப் பூட்டியும் விட்டார். நம்பர் அவருடைய பெண்சாதிக்கும் தெரியாது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய டீவியில், எங்கள் வீட்டுக்குள், எங்கள் ஊர்ச் செய்தியை நாங்கள் பார்க்கக்கூடாது. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தம்பி இராசதுரை மீன்பிடிக்க வாகரைப் பக்கம் போயிருந்தான். அவன் போன பிறகு சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். போனும் இல்லை, தகவலும் இல்லை. அவன் பெண்சாதி புஸ்பம் என்னோடு வந்திருந்தாள். சோற்றை முன்னால் வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்கமாட்டாள். அவளை ஏசவும் முடியாது. ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சுவிஸிலிருந்து புஸ்பத்தின் தமையன் போன் எடுத்தான். லண்டன் சனலில் வாகரைச் சனத்தைக் காட்டினார்களாம்.

"மச்சான் மாதிரி ஓராள் மரத்துக்குக் கீழ நிக்கிறார் புள்ள. அடுத்த நியூஸிலயும் போடுவான். வடிவாப் பாருங்க" என்றான்.

மாதிரி! அந்த மாதிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் தாலியைக் கழற்றுவதா, விடுவதா? புஸ்பத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"நான் இஞ்ச போட்டா அவங்கட டீவியிலயும் வரும் தங்கச்சி. நேர இஞ்சதான் வருவானுகள்."

"அப்ப அவங்கட வயரக் கழட்டுங்க."

"மறுகா வந்து கேட்டா?"

"எலி கடிச்சிட்டாம் எண்டு சொல்லுங்க. எலிக்கும் துவக்குக் காட்டுவானுகளா?"

அவர் சிரிக்கவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். புஸ்பம்தான் வாய் திறந்தாள்.

"அவர் உயிரோட நிக்கிறாரா எண்டு பாத்தாப் போதும் அண்ணன்."

அவர் எழும்பிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு அலுவலகத்து வயரை மட்டும் உருவினார்.

வயர் ஒரு நொடியில் கழன்றுவிட்டது. மெனுதான் கழுத்தை அறுத்தது. தான் போட்ட நம்பரை அவரே மறந்திருந்தார். மகளின் பிறந்த வருஷத்தை அடித்தார், பிழை. கத்தாரில் இருந்த அறை நம்பரை அடித்தார், பிழை. "யோசிங்க அண்ணன்!" என்று நான் கத்த, அவர் என்னைப் பார்த்துக் கத்த, கடைசியில் பழைய மோட்டார் சைக்கிள் நம்பருக்கு அது திறந்தது. அழித்த சனலை முதலிலிருந்து தேட வேண்டும் என்றார். பெட்டி தேடத் தொடங்கியது. அரபிச் சனல், குதிரை ஓடும் சனல், சமையல் சனல் என்று உலகத்துக் குப்பையெல்லாம் வரிசையாக வந்தது. எங்களுக்கு வேண்டியது மட்டும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று இருந்தது எனக்கு.

லண்டன் சனல் கிடைத்தபோது செய்தி பாதி முடிந்திருந்தது. ஒருத்தி விலைவாசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, "வாகரையிலிருந்து" என்றாள். புஸ்பம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மரங்கள் தெரிந்தன. சனம் தெரிந்தது.

அப்போதுதான் படலை திறந்த சத்தம் கேட்டது.

"அண்ணன், எங்களுக்கு லைன் இல்ல" என்று சொல்லிக்கொண்டே உயரமானவன் உள்ளே வந்தான்.

அண்ணனின் விரல் பதறி எதையோ அமத்திற்று. சனம் போய்விட்டது. சினிமாப் பகிடியொன்று ஓடியது.

"ஐயோ, ஏன் மாத்தினீங்க!" என்று அலறிவிட்டேன். வாசலில் நிற்கிறவன் யார் என்பதே மறந்துபோயிற்று.

"என்னத்த மாத்தினவர்?" என்றான் அவன்.

புஸ்பம் அவனை நேராகப் பார்த்தாள். "வாகரைச் சனத்தக் காட்டுறான். என்ட அவரும் அதுக்குள்ள நிக்கிறாராம்."

அவன் பாய்ந்து ரிமோட்டைப் பறித்தான். இனி அடிதான் என்று நினைத்தேன். அவனோ சனலை மேலும் கீழுமாக மாற்றினான். எப்படியோ லண்டன் சனல் வந்தது. அதற்குள் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

"பக்கத்தில கதிரவெளிச் சனத்தையும் காட்டினானா?" என்று கேட்டான். "என்ட அம்மா அங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப இந்த நியூஸ் ஓடப்படாது எண்டு ஏன் தம்பி சொன்ன நீங்க?"

"மேல சொன்னாங்க அக்கா" என்றான். துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு நிலத்தில் குந்தினான்.

செய்தி முடிகிறபோது தலைப்புகளைத் திரும்பச் சொல்வார்கள் என்று அண்ணன் மெல்லச் சொன்னார். காத்திருந்தோம். வந்தது. மரம், சனம், புகைகிற அடுப்பு. மரத்தடியில் தாடியோடு, வெறும் மேலோடு, யாரோ ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான் என் தம்பி. மாதிரி இல்லை, அவனேதான். புஸ்பம் ஓவென்று அழுதாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் சத்தம் எழும்பியது. "கண்ணகை அக்கா, ஒங்கட இராசதுரை! இராசதுரை நிக்கிறான்!"

படம் போய்விட்டது. செய்தி வாசித்தவள் கும்பிட்டாள்.

உயரமானவன் டீவிக்கு முன்னால் முழங்காலில் நின்றான். "மூலையில ஒரு கிழவி... நீலச் சீல. முகத்தத் திருப்பிட்டா. அண்ணன், மறுகா ஒருக்காப் போடுங்க."

"அது அவன் போட்டாத்தான் தம்பி. என்ட கையில இல்ல."

"போடுங்க!" என்று கத்தினான். பிறகு ரிமோட்டில் இருந்த எல்லாவற்றையும் தானே அமத்தினான். சத்தம் கூடியது, குறைந்தது. மெனு வந்து நம்பர் கேட்டது. எத்தனை நாள் இவன் இப்படித் தவிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பேன்! பார்த்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க கண்டீங்கதானே? நீலச் சீலயோட ஓராள்?"

நான் என் தம்பியை மட்டும்தான் பார்த்தேன்.

அவன் எழும்பி வெளியே போனான். வேலி வேலியாக நின்று கேட்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அந்தப் படம் வந்திருந்தது, அவனுடைய அலுவலகத்தைத் தவிர. எல்லாரும் பார்த்திருந்தார்கள். எல்லாரும் இராசதுரையை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். துவக்கு இன்னும் எங்கள் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது.