முட்டி தரையில் பட்டால்

டோர்வில்லில் விதி தெரியாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்கிற ஊர், தெரியாமல் இருக்குமா? நடுவராக வந்து நிற்கத்தான் ஆள் கிடையாது. போன வருஷம் இருந்தவர், வசவு கேட்டுக் கேட்டுக் காது புளித்து விலகிவிட்டார். பக்கத்து ஊர்களிலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மார்னி வர்பாவைக் கூப்பிட்டார்கள். அவள் மாட்டு டாக்டரிடம் வேலை பார்ப்பவள். அதுவரை சின்னப் பையன்களின் ஆட்டங்களுக்கு மட்டும் விசில் ஊதியவள். உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்கு இதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு ஒழுங்கா போச்சுன்னா சீசன் பூரா நீ எங்க குழுவுல இருக்கே," என்றார் தலைமை நடுவர் வெண்டெல்.

"ஒழுங்கான்னா எப்படி? சரியா ஊதணுமா, இல்ல யாரும் கத்தாம இருக்கணுமா?"

"இந்த வாயை மைதானத்துக்குள்ள கொண்டு வராதே."

அவளுக்கு அந்த இடம் வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மூன்றாம் கால் பகுதி வரைக்கும் வம்பில்லை. பிறகு பல் டாக்டர் லோவெல் போஸ்பிஷிலின் மகன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் நின்ற ஓரமாகவே ஓடிவந்தான். ஈரப் புல். வழுக்கினான். வலது முட்டி தரையில் பட்டது. ஒரு எதிராளிகூடக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மார்னி விசிலை ஊதினாள். பையன் எழுந்து கடைசிக் கோடு வரை ஓடி, பந்தைத் தூக்கிக் காட்டினான். பேண்டு வாத்தியம்கூட ஆரம்பித்துவிட்டது.

மார்னி திரும்பி நடந்து, புள்ளி கிடையாது, பந்து இங்கேதான் என்று முட்டி பட்ட இடத்தைக் காட்டினாள்.

அவ்வளவுதான். ஆட்ட நாள் தீனியாக ஒரு கையில் மிளகாய்க் குழம்புக் கிண்ணமும் மறு கையில் இனிப்பான இலவங்கப்பட்டை ரோலுமாக உட்கார்ந்திருந்த ஊர் மொத்தமும் எழுந்தது.

"ஏம்மா! என் புள்ளைய எவனாச்சும் தொட்டானா?" பல் டாக்டரின் குரல்தான் முதலில் வந்தது. "ஞாயித்துக்கிழமை டிவியே பாக்கிறதில்லையா நீ?"

"மாட்டுக்கு ஊசி போடப் போடி!" என்றது கூட்டத்திலிருந்து இன்னொரு குரல்.

டிவி ஆட்டத்தில் எதிராளி தொடாவிட்டால் எழுந்து ஓடலாம்தான். பள்ளிக்கூட ஆட்டத்தின் விதி வேறு. முட்டி தரையில் பட்டால் அந்த ஓட்டம் முடிந்தது, யார் தொட்டாலும் தொடாவிட்டாலும். பையன்களுக்கு அடிபடக் கூடாதென்று பார்த்து எழுதியது. ஊருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய பயிற்சியாளரோ, வருஷாந்திர விதி வகுப்பைக் கணினியில் ஓடவிட்டுவிட்டுப் புல் வெட்டப் போகிற மனுஷன்.

கடைசி நிமிடம். டோர்வில் இரண்டு புள்ளி முன்னால். வந்திருந்த அணி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. உதைப்பவனுக்காகப் பந்தைப் பிடித்து நிறுத்த ஒருவன் ஒற்றை முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தான். பந்து வந்தது. பிடித்தான். நிறுத்தவில்லை, எழுந்து ஓடினான். மார்னியின் கண்ணில் முட்டி மட்டும்தான் இருந்தது. ஊதிவிட்டாள்.

ஊர் கைதட்டியது. "அப்படிப் போடு! இப்பத்தான்மா உனக்குக் கண்ணு தெரியுது!" என்று கூவினார் பல் டாக்டர்.

அந்தக் கைதட்டலில்தான் அவளுக்கு உறைத்தது. பந்தை நிறுத்துகிறவனுக்கு மட்டும் முட்டி ஊன்ற அனுமதி உண்டு. அவன் எழுந்து ஓடலாம். நடுவர் பரீட்சையில் அவள் சரியாக எழுதிய கேள்வி.

சும்மா இருந்தால் போதும். ஆட்டம் முடியும், கைதட்டல் மிஞ்சும், இடமும் கிடைக்கும். அவள் வெண்டெலிடம் போனாள்.

"தப்பா ஊதிட்டேன்."

"பாத்தேன். நீ வர்றியான்னுதான் நின்னேன். வராட்டி நானே வந்திருப்பேன்."

விசில் தவறு என்று அறிவித்தார். அந்த அணி மறுபடி ஆடலாம். கூட்டம் வெறிபிடித்துக் கத்தியது. ஒரு ரோல் பறந்துவந்து மார்னியின் காலடியில் விழுந்தது. இந்த முறை பந்தை நிஜமாகவே உதைத்தார்கள். அது கம்பத்துக்கு வெளியே போனது. டோர்வில் ஜெயித்தது.

ஜெயித்த பிறகும் பல் டாக்டருக்கு ஆறவில்லை. கார்கள் நிற்குமிடத்தில் வழிமறித்தார்.

"உனக்கு முட்டியப் பத்தி ஒண்ணும் தெரியலைன்னு நீயே ஒத்துக்கிட்டே. அப்ப என் புள்ளைக்கு ஊதினதும் தப்புத்தானே?"

"இல்ல. அது சரி. சரியா ஊதினப்ப ஊரே சேந்து மாட்டுக்கிட்ட போகச் சொன்னீங்க. தப்பா ஊதினப்பக் கைதட்டினீங்க. இதுல தெரியாதது எனக்கா, உங்களுக்கா?"

வெண்டெல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "இன்னிக்கு ஒழுங்கா போகலை, மார்னி."

"தெரியும்." சட்டையைக் கழற்றித் தர வேண்டியிருக்குமோ என்று நினைத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடு."

"இவளையா?" பல் டாக்டர் துள்ளினார். "வேற ஆளே கிடைக்கலையா?"

"நீங்க வாங்களேன் டாக்டர். விதியெல்லாம் உங்களுக்கு அத்துப்படி." வெண்டெல் தன் கழுத்து விசிலைக் கழற்றி நீட்டினார்.

பல் டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "வரலாம்தான். முட்டி சரியில்ல எனக்கு."

"அடடா," என்றாள் மார்னி. "யாராச்சும் தொட்டாங்களா?"