உப்பு ஒத்தடம்

சமயபுரம் ரோட்டில் பைக்கோடு விழுந்ததில் முருகானந்தத்துக்கு முதுகுத்தண்டில் அடி; இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியாமல் போயிற்று. மலைக்கோட்டை ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துக் காட்டியவன் பாலக்கரை வீட்டில் சக்கர நாற்காலியோடு கிடந்தான். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். மனைவி விஜயராணி தன்னைத் தொடுவதை விட்டுவிடுவாளோ என்ற பயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதனால் ஒரு பொய் சொன்னான். அவள் அவன் தொடையை நீவிவிட்டபோது, "லேசா தெரியுது ராணி" என்றான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது? படுக்கையிலும் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான். சாதாரணத் துணியையும் பட்டு மாதிரி தடவிக் காட்டி விற்றவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்ன.

ஸ்ரீரங்கத்து டாக்டர் மெஹ்ரீன் அவனிடம் தனியாகச் சொல்லித்தான் இருந்தார். "கீழேருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோற நரம்பு கெட்டுப்போச்சுங்க. ஆனா சுகம் அங்க மட்டும் இல்ல. கழுத்து, காது, மார்புன்னு உணர்ச்சி இருக்கிற இடத்தை ரெண்டு பேருமா தேடிப் பாருங்க. வீட்ல பேசுங்க."

தலையாட்டிவிட்டு வந்தவன் வாயைத் திறக்கவில்லை. கோழை, வேறென்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை மதியம், இறுகிப்போன அவன் முழங்காலுக்கு விஜயராணி கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். கொடுப்பவர் பிடிப்பது முடிச்சை. சூடு வாங்கிக்கொள்பவருக்குத்தான் தெரியும். "தாங்குதாங்க?" என்று கேட்டுக் கேட்டு வைத்தாள்.

"இதமா இருக்கு. கொஞ்ச நேரம் அப்படியே வை."

வைத்தாள். எடுத்தபோது தோல் வெந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் எழும்பியது. அவன் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தான்.

"அப்போ இத்தனை மாசமா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் சொன்னதையும் சொன்னான். அவள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதாள். "என் கையாலயே உங்களைச் சுட வச்சிட்டீங்களே."

வெகுநேரம் கழித்து, "வேற எங்கதான் தெரியும்?" என்று கேட்டாள். காதுக்குப் பின்னால் காட்டினான். அவள் விரல்நுனி அங்கே பட்டது. கழுத்தும் தோளும் சிலிர்த்தன. அவனை அறியாமலே கண் மூடிக்கொண்டது, பெருமூச்சு வந்தது. விபத்துக்குப் பிறகு இப்போதுதான் அவனுக்கு உடம்பு இருந்தது.

விஜயராணி கையை எடுத்துக்கொண்டாள்.

"இது நிஜம் ராணி. சத்தியமா."

"அப்பவும் உங்க முகம் இப்படித்தாங்க இருந்துச்சு" என்றாள் அவள்.