இஸ்திரி உருளைப் பாட்டின் நான்காம் வரி

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. அக்காவின் கை வெந்ததை நான் தலைவரிடம் சொன்னேன், அவர் பாட்டாக்கினார். பாட்டு பிடிக்காமல் நான் கதையாக்குகிறேன். வெந்த கை அக்காவிடமே இருக்கிறது.

(தலைவர்: நாற்பது வருடமாக ராக் பாட்டு எழுதிப் பாடுகிறவர். புதிய ஆல்பம் முழுக்க வேலையில் அடிபட்டவர்கள். அக்கா: கூடப் பிறந்தவள் அல்ல. ஓட்டல் விரிப்புகள் வெளுக்கும் சலவை ஆலையில், இரவு ஷிப்டில், எனக்கு எதிரே நின்றவள்.)

2

முதல் தொடக்கம்: 'பசித்த மிருகங்களைப் போல உருளைகள்...'

அடித்துவிட்டேன். மிருகமெல்லாம் இல்லை, இஸ்திரி மெஷின். சூடான இரண்டு உருளைகள், முன்னால் தடுப்புக் கம்பி. கை பட்டால் கம்பி மெஷினை நிறுத்தும். ஈரத்துணி பட்டாலும் நிறுத்தும், ஷிப்டுக்கு முப்பது தடவை. அதனால் கிழிந்த விரிப்பு நாடாவால் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவோம். கட்டியவர் நகரும்போது அவிழ்க்க வேண்டும். எங்களுக்குள் அது சட்டம்.

அக்காவின் கை வெந்த அன்றைக்குக் கட்டியது யாரோ. அக்காவே கட்டினாள் என்று எழுதி ஆபீஸ் அவளை நீக்கியது.

(நான் மறுநாளே வேலையிலிருந்து நின்றுவிட்டேன். ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னேன்.)

3

பாட்டின் நான்காம் வரியில் முதலாளி வந்து கம்பியைக் கட்டுகிறார். அக்கா வீட்டுக்குப் போய் என் போனில் போட்டுக் காட்டினேன்.

"முதலாளி அந்தப் பக்கம் எட்டியாவது பாத்திருக்காரா? நம்ம ஆளுங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிப்பாங்கடா."

"பாட்டுதானேக்கா."

"ஊரே கேக்கும்ல? அவரு கட்டலைன்னு ஆகும். அப்ப வேற யாரு? திரும்ப நான்தான்." கட்டுப்போட்ட கையை மடிக்கு மாற்றினாள். "நான் கட்டலைன்னு பாடச் சொல்லு. வேற எதுவும் வேணாம்."

4

ரெக்கார்டிங் அறை, மத்தியானம். தலைவர் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"முதலாளின்னாதான்டா கிட்டார் கத்தும். சரி, அவரும் இல்ல, அக்காவும் இல்ல. பின்ன பேயா கட்டுச்சு?"

"யாரோ ஒருத்தன்."

"யாரோவுக்கெல்லாம் நான் பாட்டு எழுதறதில்ல." நான்காம் வரியை அடித்துவிட்டு, தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். "நீதானே எதிர்ல நின்ன. எழுது. டீ குடிச்சிட்டு வரேன்."

5

இரண்டாம் பகுதியில் 'யாரோ' என்றது பொய். கட்டியது நான். அவிழ்க்காமல் சிகரெட் பிடிக்கப் போனேன். கம்பியை அவிழ்த்திருப்பேன் என்று நம்பி அக்கா சுருக்கம் எடுக்கக் கை நீட்டினாள்.

இங்கே எழுதிவிட்டேன். பெரிய வீரமில்லை. அக்கா கதையெல்லாம் படிக்கமாட்டாள். பாட்டுதான் கேட்பாள்.

முடிவு ஒன்று: 'கட்டியது நான்' என்ற அதே இரண்டு சொல்லைத் தாளிலும் எழுதுகிறேன். முடிவு இரண்டு: மாடிப்படி இறங்கி நழுவிவிடுகிறேன். இரண்டாவதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. அதனால் முடிவை என் பொறுப்பில் விடாதீர்கள்.

படியில் தலைவரின் செருப்புச் சத்தம். பென்சிலை...