மலையில் வாசித்த பெரிய பிடில்

ஜோசப்ராஜ் காட்டுக்குள் போன அன்றே அவன் அப்பாவின் இசைத்தட்டுகளிலிருந்து செல்லோவும் போய்விட்டது. ஒரு தட்டிலிருந்து மட்டுமல்ல, வீட்டில் இருந்த அத்தனை தட்டுகளிலிருந்தும். மலாயாவில் ரந்தாவ் ஊருக்கு அப்பால் ஆத்தங்கரைத் தோட்டத்தில் அந்த வருடம் ரப்பர் விலை ஏறியது, கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், கிராணி வீட்டுத் தட்டுகளில் நாலு பேருக்குப் பதில் மூன்று பேர் வாசித்தார்கள்.

கேப்ரியல் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. ஊர் திரும்பும் வெள்ளைக்காரத் துரைமார் சாமான்களை ஏலம் விடும்போது மற்றவர்கள் கட்டிலுக்கும் பீங்கானுக்கும் அடித்துக்கொள்வார்கள். இவர் இசைத்தட்டுகளைத் தவிர எதையும் தொடமாட்டார். அதிலும் பாட்டு வேண்டாம், பேண்டு வேண்டாம். இரண்டு பிடில், அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ என்கிற பெரிய பிடில், இந்த நாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தட்டுகள்தான் வேண்டும். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பி, சாவி கொடுத்து, ஊசி மாற்றிக் கேட்பார். வயிற்றுவலிக்காரர்கள் நாலு பேர் முனகுவது போலிருக்கிறது என்று லயத்து ஜனங்கள் அவர் காதுபடவே சொன்னார்கள். மகன் ஜோசப்ராஜுக்கு மட்டும் அது பிடித்தது. தவழ்ந்த வயதிலேயே கிராமபோன் பெட்டியில் காதை வைத்து, செல்லோவோடு சேர்ந்து அடித்தொண்டையில் இழுப்பான். வளர்ந்து தொழிற்சங்கத்தில் சேர்ந்தான். சங்கத்து ஆட்களைப் பிடிக்கப் போலீஸ் வந்தபோது பின்வாசல் வழியாக மலையேறிப் போய்விட்டான்.

அவன் போன வாரத்திலேயே ஒரு சாயங்காலம் கேப்ரியல் தட்டை வைத்தார். மூன்று பேர் வீட்டுக்குள் வாசித்தார்கள். நாலாமவர் மலையில், ரப்பர் முடிந்து காடு தொடங்கும் இடத்திலிருந்து, தாளம் தப்பாமல் வாசித்தார். வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த, கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி வாசலிலேயே நின்றுவிட்டார். “பையன் நல்லாத்தான் இருக்கான்லா, கிராணி ஐயா. சத்தம் தெம்பா இருக்கு,” என்றார். அதன் பிறகு முனகல் என்று யாரும் சொல்லவில்லை. சத்தம் மெலிந்தால் பசி, கரகரத்தால் சளி என்று லயமே கூடி முடிவு கட்டியது. செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் வந்தபோது, எதற்கும் மகன் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடு என்று சொல்லிவந்த பெண்களைக் கேப்ரியலின் மனைவி அந்தோனியம்மாள் திட்டி அனுப்பினாள்.

காட்டில் ஒளிந்தவர்களைத் தேட வந்த ராணுவத்தின் இளம் அதிகாரி ஒருவர் துரை பங்களாவுக்குத் தேநீர் குடிக்க வருவார். நல்ல மனிதர். சங்கீதமும் தெரிந்தவர், அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு மாலை கிராணி வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு, உங்கள் தட்டில் செல்லோ இல்லையே என்றார். ஊசி தேய்ந்துவிட்டது என்றார் கேப்ரியல். அதிகாரி தலையாட்டினார், ஆனால் அவர் கண் மலைமேல் போயிற்று. அன்றே கேப்ரியல் பெட்டியை மூடினார். “இனிமே வைக்கக் கூடாது. அவன் பதிலுக்கு வாசிச்சான்னா இருக்கிற இடம் தெரிஞ்சிரும்,” என்று மனைவியிடம் சொன்னார். மலையும் சத்தமில்லாமல் கிடந்தது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் இருவரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அதைப்போல் ஒரு கொடுமை கிடையாது.

காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று வேலிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு போகக் கூடாத காலம் அது. ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் வாளியையும் தலைத்துண்டையும்கூட உதறிப் பார்த்துத்தான் விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேப்ரியல் சிரம்பான் பட்டணத்துக்குப் போயிருந்தார். அந்தோனியம்மாள் மகனுக்குப் பிடித்த அச்சு முறுக்கைச் சுட்டு எடுத்துக்கொண்டு வேலிவரை போனாள். “தா போலே, மாச்சி,” கூடாதம்மா என்று மலாய்க் காவல்காரப் பையன் அவளைத் திருப்பி அனுப்பினான், வருத்தத்தோடுதான். வேலியைத் தாண்டக்கூடியது ஒன்றே ஒன்று வீட்டில் இருந்தது. அவள் பெட்டியைத் திறந்து சாவி கொடுத்தாள். காத்துக்கொண்டே இருந்ததுபோல் மலை உடனே வாசித்தது. பெற்றவளுக்கு நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த தட்டை வைத்தாள், அதற்கடுத்ததையும் வைத்தாள். அது பாதி ஓடும்போது மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

கேப்ரியல் வந்து சேர்ந்தபோது அவள் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஊசியை எடுத்து வைத்தார். நாலு பேரும் வாசித்தார்கள். செல்லோ தட்டிலேயே தன் பழைய இடத்தில் இருந்தது. “நான்தாங்க கூப்பிட்டேன்,” என்றாள் அந்தோனியம்மாள். அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை, பிறகு எப்போதும் சொல்லவில்லை. மெழுகுவத்தியை அவரே தேடி எடுத்து ஏற்றினார். விடிந்ததும் சன்னாசி லயத்து ஆட்களோடு வந்து, தட்டு முடியும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பொங்கல் கழிந்து அந்த அதிகாரி மறுபடி வந்தார். வாசலில் நின்று கேட்டவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். புது ஊசியா, இப்போது முழுசாகக் கேட்கிறதே என்றார்.

“ஆமாம் துரை,” என்றார் கேப்ரியல். “எல்லாரும் வந்தாச்சு.”

பிறகு எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டார்.